முற்றுகைக்குள் ஒரு வாசல்

கல்யாணமான புதிதில் எல்லாரும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனார்கள். என்னை என் வீட்டுக்காரர் செஞ்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதுவும் மே மாதம். பட்டுப்புடவைக்குள் நான் வெந்துகொண்டிருக்க, அவர் ராஜகிரி மலையைப் பார்த்துக் கையை நீட்டி, "இந்தக் கோட்டைய இத்தன வருஷம் வளைச்சு உக்காந்தும் ஏன் புடிக்க முடியல தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அப்பா சரியாக விசாரிக்காமல் பெண்ணைக் கொடுத்துவிட்டார் என்பதுதான். "காரணம் மதிலு இல்ல, பீரங்கி இல்ல. மேல சுனை இருக்கு. தண்ணி வத்தாது," என்றார். பாதி மலை ஏறியதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பையில் துழாவினால் குடிக்கத் தண்ணீர் இல்லை. சுனையைப் பற்றி அவ்வளவு பேசிய மனிதர் பாட்டிலை லாட்ஜிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

அப்படிப்பட்டவர். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தார். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் அதே பஸ். இரண்டு நேரமும் மடியில் ஏதாவது ஒரு யுத்தம் விரிந்திருக்கும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எதில் கிடைத்தாலும் படிப்பார். சாப்பிட உட்கார்ந்தால் சாம்பார்க் கிண்ணம் மலையாகிவிடும், கரண்டி ஆறாகிவிடும். நான் ரசம் ஊற்றுவதற்குள் குதிரைப்படை வலப்பக்கமாகச் சுற்றிப் போய்விடும். "சாதம் ஆறுது, தளபதி," என்பேன். சண்டையைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் வாழ்நாளில் ஒரு ஆட்டோக்காரரிடம்கூடச் சண்டை போட்டதில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு இறங்கி வருவார். வீட்டில் சண்டை போடும் இலாகா என்னுடையது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தொம்மலூரின் பழைய பகுதியில், ஒரே கேட்டுக்குள் எதிரும் புதிருமாக ஆறு சின்ன வீடுகள். கன்னடம் பேசும் இந்த ஊரில் அதை வட்டாரா என்று சொல்வார்கள். ஆறு வீட்டுக்கும் ஒரே போர்வெல், தண்ணீர் தேக்கத் தரைக்குக் கீழே ஒரே சம்ப். கேட்டுக்கு வெளியே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி மாட்டிய ஆபீஸ் கட்டிடம், அதன் முன்னால் புல்தரை. அந்தப் புல்லுக்கு இன்றுவரை தண்ணீர்க் கஷ்டம் வந்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று டாக்டர் சொன்னபோது, வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் படுக்கலாம், அல்லது வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளலாம் என்றார்கள். இவர் யோசிக்கவே இல்லை. "எதிரி எடத்துல போய் சண்டை போடறதவிட நம்ம கோட்டைக்குள்ள இருந்தே போடலாம்," என்றார். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். ஆணியில் மாட்டிய பையிலிருந்து மருந்துநீர் வயிற்றுக்குள் இறங்கும். சில மணி நேரம் உள்ளே இருந்து கழிவை வாங்கிக்கொள்ளும். பிறகு கீழே இன்னொரு பைக்கு வடியும். பகலும் இரவுமாக நான்கு தடவை.

சொல்லிக்கொடுத்த நர்ஸ் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கை. குழாயைத் தொடுவதற்கு முன்னால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்துக் கழுவ வேண்டும். குழாயின் வாய் வழியாக ஒரு கிருமி போனால் நேராக வயிற்றுக்குள் போகும், நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை என்றார். இவர் உடனே அந்தக் குழாய்க்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். கோட்டையின் பெரிய கதவுக்குள் ஆள் குனிந்து போக ஒரு சின்னக் கதவு இருக்குமே, திட்டிவாசல், அதுதான் பெயர். "பெரிய கதவ ஒடைச்சு உள்ள வந்தவன் கம்மி. எவனாவது திட்டிவாசலுக்குத் தாழ் போட மறந்திருப்பான். அது வழியாத்தான் நெறைய கோட்டை விழுந்துச்சு," என்று நர்ஸுக்கே பாடம் எடுத்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அப்போ தாழ் போட மறக்காதீங்க அங்கிள்," என்றாள்.

வடிந்து வந்த நீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். பைக்குப் பின்னால் அச்சடித்த காகிதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்துப் படிக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. மற்றவர்கள் பேப்பரை வைத்துப் பார்த்திருப்பார்கள். இவர் தன் யுத்தப் புத்தகத்தை வைத்துப் பார்த்தார். பையின் வழியாக இரண்டு பாரா படித்துவிட்டுத்தான் கொட்ட எடுத்துப் போகச் சொல்வார். "ஏங்க, இது லைப்ரரியா?" என்று கத்துவேன். வருஷத்துக்கு மேல் அப்படி நன்றாகவே போனது. வயிற்றில் குழாயோடு பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு நடமாடினார்.

பிறகு அந்தக் கோடை வந்தது. முதலில் வீட்டுத் தண்ணீர்க் குழாய் இருமியது. பிறகு காற்று வந்தது. போர்வெல்லுக்குள் மோட்டாரை இன்னும் கீழே இறக்கினோம். இரண்டு நாள் சேறு வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. கார்ப்பரேஷன் தண்ணீர் எப்போதாவது வரும், அதுவும் சந்தின் முனை வீடுகளோடு தீர்ந்துவிடும். மிச்சம் டேங்கர்தான்.

எங்கள் பகுதிக்கு ஒரே டேங்கர்காரர். வேறு யாராவது ஒருவரைக் கூப்பிட்டால், எந்த ரோடு என்று கேட்பார்கள். ரோட்டைச் சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள். இவர் ரோட்டுக்குள் அவர் வரமாட்டார், அவர் ரோட்டுக்குள் இவர் போகமாட்டார். ஆள் பார்க்க ஒன்றும் ரவுடி இல்லை. நெற்றியில் குங்குமம், வாய் நிறைய "டீச்சரம்மா". முதலில் சொன்ன நேரத்துக்கு வந்தார். பிறகு மறுநாள் வந்தார். அதன் பிறகு விலையை ஏற்றினார். கடைசியில், கோடை முழுக்க வேண்டிய தண்ணீருக்கு ஆறு வீடும் சேர்ந்து முன்பணம் கட்டினால்தான் வண்டி திரும்பும் என்றார். அவ்வளவு பணத்துக்கு நாங்கள் எங்கே போவது? கெஞ்சினோம். "யோசனை மாடி, நல்லா யோசிச்சு சொல்லுங்க டீச்சரம்மா, அவசரம் ஒண்ணும் இல்ல," என்று சிரித்துக்கொண்டே போனவர், அப்புறம் எங்கள் கேட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவசரம் யாருக்கு என்று அவருக்கும் தெரியும்.

"இது முற்றுகை," என்றார் என் வீட்டுக்காரர். குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆயுள் முழுக்கப் புத்தகத்தில் படித்தது வீட்டுக்கே வந்துவிட்டது.

யுத்த ஆலோசனை எங்கள் வீட்டில்தான் நடந்தது, அவரால் வெளியே அதிகம் நடக்க முடியாததால். எதிர்வீட்டு அக்கா முன்னால் உட்கார்ந்தார். இந்த வட்டாராவிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார், மற்ற நான்கு வீட்டுப் பெண்களும் அவர் சொன்னால் கேட்பார்கள். இவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு கதை சொன்னார்.

"ஒரு மலையூரு. சுத்தி ரோமானியப் படை. உள்ள ஊத்து கெடையாது, மழைத்தண்ணி தொட்டி மட்டும்தான். தலைக்கு இவ்வளவுன்னு அளந்து ஊத்தறாங்க. வெளிய இருக்கறவன் மேட்டுல ஏறிப் பாக்கறான். தண்ணிக்கு நிக்கற கும்பல் தெரியுது. சரி, சும்மா உக்காந்திருந்தாப் போதும், தாகத்துல தானா வெளிய வருவாங்கன்னு காத்திருக்கான். உள்ள இருந்த தளபதி என்ன பண்ணான் தெரியுமா? எல்லாரும் துணிய நனைச்சுக் கொண்டாங்கன்னான். சொட்டச் சொட்ட மதிலு மேல தொங்கவிட்டான். மதிலே நனைஞ்சு தண்ணி வழியுது. வெளிய இருந்தவன் வாயைப் பொளந்துட்டான். குடிக்கத் தண்ணி இல்லாதவன் இப்படி வீணாக்குவானான்னு நெனச்சான். தாகத்தால இவங்கள ஜெயிக்க முடியாதுன்னு முடிவு பண்ணிட்டான்."

இந்தக் கதையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

"நமக்குத் தொவைக்கவே தண்ணி இல்ல சார், தொங்கவிடறதுக்கு எங்க போறது?" என்றார் அக்கா. பிறகு அவராகவே, "ஆனா வாசலு... எத்தன நாளாச்சு தெளிச்சு. செத்த வூடு மாதிரி கெடக்குது. வெளிய வரவே மனசு வரல," என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். தண்ணீர் மிச்சம் பிடிக்க எல்லாரும் வாசல் தெளிப்பதை விட்டிருந்தோம். கோலமும் இல்லை.

"அதான்!" என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாசல் தெளிங்க. பெரிய கோலமாப் போடுங்க. வீட்டுக்கு ஒரு பொடவை நனைச்சு ரோட்டுப் பக்கம் மதிலு மேல போடுங்க. காலைல அவன் வண்டி இந்த வழியாத்தானே போகுது? போர்வெல் வந்துடுச்சுன்னு நெனைப்பான். ஆறு வீட்டு வியாபாரம் போச்சேன்னு அவனே எறங்கி வருவான்."

நான் வேண்டாம் என்றேன். ஒரு தடவை இல்லை, தொண்டை வறளும்வரை சொன்னேன். டிரம்மில் சேர்த்து வைத்த தண்ணீர் எவ்வளவு, நான்கு தடவை கை கழுவ எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "ஒரு பக்கெட் போனா ஒரு லாரி வரும்மா," என்றார். "வரலைன்னா?" என்று கேட்டேன். தளபதிகளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது போலிருக்கிறது. ஐந்து வீடும் அவர் பக்கம் நின்றது. யுத்த தந்திரத்துக்காக இல்லை, வாசலுக்காக.

மறுநாள் விடிந்ததும் ஆறு வாசலிலும் தண்ணீர் விழுந்தது. மண் வாசனை எழுந்ததும் எனக்குக்கூட நெஞ்சு இளகிவிட்டது என்பதை மறைக்கவில்லை. அக்கா ரோடுவரை இழுத்து ஒரு சிக்குக் கோலம் போட்டார். ஒரே பக்கெட்டில் ஆறு புடவையை மாற்றி மாற்றி முக்கி, பிழியாமல் மதில்மேல் போட்டோம். மிஞ்சிய தண்ணீரைக் கக்கூஸுக்கு எடுத்து வைத்தோம். புடவை சொட்டி ரோட்டோரம் ஈரமானது. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டேங்கர் வந்தது. வேகம் குறைந்தது. டேங்கர்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏனு டீச்சரம்மா, போர்வெல் ஓடுதா?" என்றார். அக்காதான், "தேவரு கண்ணு தொறந்தாரு," என்று வானத்தைக் காட்டினார். அவர் புடவைகளைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், போய்விட்டார். உள்ளே போனால் இவர் கட்டிலில் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் டேங்கர்காரர் இறங்கி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாங்கள் விடாமல் தெளித்தோம், விடாமல் நனைத்தோம். பக்கத்து ரோட்டில் ஒரு பிஜி ஹாஸ்டலுக்கு எங்கள் பங்குத் தண்ணீரை அவர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார் என்று அக்கா கேள்விப்பட்டு வந்து சொன்னார். வியாபாரம் போச்சே என்று அவர் உருகவில்லை. இந்த ஊரில் அந்தக் கோடையில் தண்ணீர் லாரி வைத்திருந்தவருக்கு ஆறு வீடு ஒரு பொருட்டா? படை எடுத்து வந்தவனுக்கு இந்தக் கோட்டை ஒன்றுதான் குறி. டேங்கர்காரருக்கு ஊர் முழுக்கக் கோட்டை. இது என் வீட்டுக்காரரின் புத்தகத்தில் இல்லை.

அதே வாரம், எந்தெந்தச் சந்துக்கு இலவசமாகத் தண்ணீர் லாரி அனுப்புவது என்று பார்க்க வார்டு இஞ்சினியர் ஒருவர் வந்தார். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட் முன்னால் பைக்கை நிறுத்தி, ஈரமான வாசல்களையும் சொட்டும் புடவைகளையும் பார்த்து, "இல்லி நீரு இதெயல்லா," என்றார். இங்கேதான் தண்ணீர் இருக்கிறதே என்று.

நான் ஓடினேன். இல்லை சார், இது சும்மா, டேங்கர்காரருக்குக் காட்டுவதற்காக என்று எனக்குத் தெரிந்த கன்னடம் அத்தனையிலும் சொன்னேன். சொல்லச் சொல்லவே எனக்கே அது பொய்யாகக் கேட்டது. தண்ணீர் இல்லாதவர்கள் தண்ணீரை வாசலில் ஊற்றுவார்களா? அவர் சிரித்தார். தண்ணீர் இல்லை என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள், இருக்கிறது என்று யார் சொல்கிறார்கள் என்றார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய்க் குழாயைத் திறந்தேன். காற்று சீறியது. மோட்டாரை அணைத்துவிட்டுக் காட்டுகிறீர்கள் என்றார். கட்டிலில் பையோடு படுத்திருந்தவரைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது உண்மை. "ஆஸ்பத்திரில சேர்த்துடுங்க மேடம்," என்று மெதுவாகத் தமிழில் சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார். அந்த மரியாதையை நினைத்து நினைத்து நான் இன்றும் வயிறெரிகிறேன்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் ஆறு வீட்டுக் கதவும் திறந்தது. "உங்க ரோமாபுரிய கொண்டுபோய்க் கெணத்துல போடுங்க! கெணறுதான் இல்லையே, எங்க போடுவீங்க?" என்று கத்தினேன். அவர் புத்தகத்தை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். அவர் பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

புடவைகளை எடுத்தோம். வாசல் தெளிப்பதை நிறுத்தினோம். வெள்ளைக்கொடி காட்டியாயிற்று, ஆனால் அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. போன் செய்தால் டேங்கர்காரர் "பர்த்தினி, பர்த்தினி," என்பார். இதோ வருகிறேன் என்று அர்த்தம். வரமாட்டார். கடையில் குடிக்கிற தண்ணீர் கேன் வாங்கிக் கை கழுவ வைத்துக்கொண்டோம், ஒரு வாரத்தில் கடையிலும் கேன் இல்லை. ஓடும் தண்ணீர் என்று நர்ஸ் சொன்னது ஒரு சொம்புக்கு வந்துவிட்டது. நான் மெல்லிசாக ஊற்றுவேன், அவர் தேய்ப்பார். ஊற்ற ஒருவர், கழுவ ஒருவர். இரண்டு பேர் வேண்டும்.

ஒரு மத்தியானம் டேங்கர்காரரைத் தேடி அவர் தண்ணீர் நிரப்பும் இடத்துக்கே போனேன். எனக்கு முன்னால் பெரிய கும்பல். என் முறை வந்ததும் நான் அழுதுவிட்டேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிறவள், லாரி டயர் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினேன். அவர் கேட்டுவிட்டு, "மொதல்லயே இல்லேன்னு சொல்லியிருக்கலாம்ல டீச்சரம்மா? எல்லா லோடையும் வேற எடத்துக்கு வாக்கு கொடுத்துட்டேனே," என்றார். நிஜமாகவே சங்கடப்பட்டார். இரண்டு நாளில் எப்படியாவது ஒரு லோடு என்றார். வீடு திரும்ப நேரமாகிவிட்டது. நான் இல்லாத நேரத்தில் பை மாற்றும் வேளை வந்து, என் வீட்டுக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே கையில் சானிடைசரைத் தடவிக்கொண்டு மாற்றியிருந்தார். "பரவால்லம்மா, ஜாக்கிரதையாத்தான் செஞ்சேன்," என்றார்.

இரண்டு நாள் ஆகியும் லோடு வரவில்லை. அன்று வடிந்த பை கலங்கலாக இருந்தது. அவர் தலையணைக்குக் கீழேயிருந்து புத்தகத்தை எடுத்துப் பின்னால் வைத்துப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பி வேறு பக்கம் வைத்துப் பார்த்தார். "கண்ணாடிய குடு," என்றார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து ஏற்றினார்கள். குழாயை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. இதயமும் பலவீனம் என்றார்கள். தண்ணீரால்தானா என்று கேட்டேன், எதனால் வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். நல்ல மனிதர், எனக்காகச் சொன்னார்.

அங்கே ஒரு நாள் சாயங்காலம் அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. இத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்டேன். "அந்த மலையூரு அப்புறம் என்ன ஆச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். "விழுந்துடுச்சு," என்றார்.

"துணி தொங்கவிட்டதுக்கு அப்புறமா?"

"ம். தாகத்துல விழுவாங்கன்னு வெளிய இருந்தவன் காத்துக்கிட்டிருந்தான். தண்ணி இருக்குன்னு நம்பினதும், காத்திருந்து பிரயோஜனம் இல்லேன்னு திரும்ப ஏறி அடிக்க ஆரம்பிச்சுட்டான்."

"இது தெரிஞ்சேவா எங்ககிட்ட அந்த யோசனைய சொன்னீங்க?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "உள்ள இருந்தவங்களுக்கும் அதுதாம்மா வேணும். சொட்டுச் சொட்டா வறண்டு சாவறதவிட..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. என் கையைத் தேடினார். நான் கொடுத்தேன். ஆனால் எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு வீரமான புருஷன் வேண்டியிருக்கவில்லை. வறண்டோ நனைந்தோ, பக்கத்தில் இருக்கிற புருஷன் போதும். அதை அவரிடம் சொல்லவில்லை. நடைவழிக்குப் போய், அங்கே இருந்த குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து பாட்டிலைப் பிடித்தேன். ஒரு தட்டுத் தட்டியதும் தடதடவென்று கொட்டியது. பாட்டில் நிரம்பி வழிந்தும் எனக்கு மூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவர் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். எங்கள் வாசல் வெள்ளையாகக் காய்ந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் இலையும் தூசியுமாகக் கிடந்தது. தினமும் வரும் பூக்காரம்மா கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். வாசலைப் பார்த்தார், கலைந்த தலையோடு வந்த என்னைப் பார்த்தார், கூடையை இறக்கிவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டார். "அய்யோ, சார்...?"

"இருக்காரு," என்றேன். "இருக்காரு. நல்லா இருக்காரு."

அந்தம்மா நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் பையிலிருந்து ஆஸ்பத்திரித் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து வாசலில் ஊற்றினேன். முழுவதும் ஊற்றினேன். கதவைத் திறந்து கோலமாவு டப்பாவை எடுத்து வந்து, குனிந்து புள்ளி வைத்தேன். புள்ளி வரிசை தப்பியது, அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போது டேங்கர் வந்தது. எனக்கு ஒரு லோடு தருவதாகச் சொன்னது டேங்கர்காரருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும், வேகத்தைக் குறைத்தார். ஈரமான வாசலையும் கோலத்தையும் பார்த்தார். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கலாம். நான் நிமிரவில்லை. வண்டி போய்விட்டது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று ஊருக்குக் காட்டுவதுதான் எனக்கு அப்போது முக்கியமாக இருந்தது. ஊருக்கு மட்டும் இல்லை, வேறு யாரெல்லாம் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ அவர்களுக்கும்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பாட்டிலோடு வந்து வாசல் தெளித்து, கோலம் போட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். என்னால் வர முடியாத நாட்களில் எதிர்வீட்டு அக்கா தன் பங்குத் தண்ணீரிலிருந்து எடுத்து எங்கள் வாசலைத் தெளித்தார். அவருடைய வாசல் காய்ந்தே கிடந்தது. நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

பிறகு ஒரு நாள் காலை எங்கள் வாசலை யாரும் தெளிக்கவில்லை. ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆறு வீட்டுக்காரர்களும் வெளியே நின்றார்கள். டேங்கர் வழக்கம்போல வந்தது. டேங்கர்காரர் எட்டிப் பார்த்தார். காய்ந்த மண்ணைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. ரிவர்ஸில் வந்து எங்கள் கேட் முன்னால் திரும்பியது. அவரே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, பைப்பை இழுத்து வந்து சம்புக்குள் விட்டார். யாரும் கூப்பிடவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வெறும் சம்பில் தண்ணீர் விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து அவர் காதருகே, "ஏங்க, அவன் எறங்கி வந்துட்டான்," என்று சொன்னேன்.